அந்தமான் கரையில் கேட்ட கேள்வி



2025ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கர்த்தருடைய கிருபையினால் அந்தமான் தீவுகளுக்குச் சென்று நான்கு நாட்கள் தங்கியிருந்தேன். நற்செய்திக் கூட்டத்தில் பிரசங்கிக்கவோ, நீலக் கடலையும் பவளப் பாறைகளையும் கண்டு களிக்கவோ நான் போகவில்லை. எங்கள் சபையின் விசுவாசி ஒருவர் மரணப் படுக்கையில் கிடந்தார். "பாஸ்டரை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்று அவர் மனைவி தொலைபேசியில் அழுதார்கள். அதனாலேயே புறப்பட்டேன்.

அந்தச் சகோதரர் இராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்தவர். சித்தாளாகத் தொடங்கி, கொத்தனாராகி, பின்பு மேஸ்திரியானார். பதினொரு ஆண்டுகள் எங்கள் சபையில் ஒரு ஞாயிறும் தவறாமல் வந்து, ஆராதனைக்கு முன்பாகப் பாய் விரித்து, முடிந்தபின் சுருட்டி வைத்துவிட்டுப் போவார். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கட்டட வேலை ஒப்பந்தம் கிடைத்துக் குடும்பத்தோடு அந்தமானுக்குப் போனார். அங்கே வயிற்றில் புற்றுநோய் கண்டது.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று அதிகம். கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாட்கள். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. ஆயினும் கடைத்தெருவில் பழைய பெயரே வழங்குகிறது. அபர்தீன் பஜாரில் நடந்தால் நம் ஊர்க் கடைவீதியில் நடப்பது போலவே இருக்கும். வங்காளிகள், தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து வந்தவர்கள், நிக்கோபாரியர் என்று பலரும் வாழ்கிற ஊர் அது. ஜனவரியில் மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

அந்த முதல் மாலையில் மருத்துவமனைக்குச் சென்றேன். சகோதரர் எலும்பும் தோலுமாய்க் கிடந்தார். என்னைக் கண்டதும் தலையணைக்குக் கீழிருந்து ஒரு சிறு கட்டை எடுத்தார். அவை ஒவ்வொரு புத்தாண்டு இரவிலும் எங்கள் சபையில் நான் என் கையால் கொடுத்த வாக்குத்தத்த அட்டைகள். பதினொன்றும் இருந்தன. ஒன்றுகூடக் கசங்கவில்லை.

"பாஸ்டர், இதில் எல்லாம் பெருகுவாய், உயர்த்துவேன், தலையாக்குவேன் என்றுதான் இருக்கிறது. நான் இப்போது போகப் போகிறேன். போகிறவனுக்கு ஏதாவது இருக்கிறதா? நான் இரட்சிக்கப்பட்டிருக்கிறேனா?" என்று கேட்டார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கலங்காதே தம்பி, கர்த்தர் உனக்குச் சுகம் தருவார், நீ எழுந்து நடப்பாய்" என்றேன். முப்பது ஆண்டு ஊழியத்தின் பழக்கம் என் நாவை முந்திக்கொண்டது. தலையில் கைவைத்து உரத்த சத்தமாய் ஜெபித்தேன். ஜெபம் முடிந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிறைச்சாலையும் நிலநடுக்கமும்

மாலையில் ஒரு மணி நேரம் மட்டுமே நோயாளியைப் பார்க்க அனுமதித்தார்கள். ஆகவே மறுநாள் காலையில் எனக்குத் தங்க இடம் கொடுத்த சகோதரர் செல்லுலார் சிறைக்கு அழைத்துச் சென்றார். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த சிறை அது. நடுவில் கோபுரம்; அதிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஏழு கட்டடங்கள். அறுநூற்றுத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட தனியறைகள். ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைப் பாராதபடி, ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்க்கும்படியாய் அமைத்தார்கள். இன்று மூன்று கட்டடங்களே எஞ்சியிருக்கின்றன. 1941 ஜூன் 26ஆம் தேதி இந்தத் தீவுகளைப் பெரும் நிலநடுக்கம் தாக்கியதாக அங்கே கேள்விப்பட்டேன்.

சிறைச்சாலை, நிலநடுக்கம் என்ற இரண்டு சொற்களும் ஒன்றாய்ச் செவியில் விழுந்தவுடன், பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரன் என் கண்முன் வந்து நின்றான். அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். பவுலும் சீலாவும் பாடினார்கள், கட்டுகள் கழன்றன, உன் கட்டுகளும் கழலும் என்று சொல்லி அல்லேலூயா போடுகிறோம். ஆனால் அந்த அதிகாரம் அங்கே முடியவில்லையே! கைதிகள் தப்பியிருப்பார்கள் என்று எண்ணித் தன்னை மாய்த்துக்கொள்ளப் போன ஒருவன், நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து, இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டான். அவன் வேலை போகாது என்றோ, பதவி உயர்வு வரும் என்றோ பவுல் சொல்லவில்லை. கர்த்தராகிய இயேசுவை விசுவாசிக்கச் சொன்னார். அவனுக்கும் அவன் வீட்டாருக்கும் வசனத்தைப் போதித்தார். அவன் அந்த இராத்திரியிலேயே காயங்களைக் கழுவினான், ஞானஸ்நானம் பெற்றான், போஜனம் கொடுத்தான், மனமகிழ்ந்தான். அந்த வீட்டில் மகிழ்ச்சி முதலில் வரவில்லை. முதலில் கேள்வி வந்தது, பின்பு போதனை வந்தது, அதன் பின்பே மகிழ்ச்சி வந்தது. என்னுடைய சகோதரர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார். நானோ கேளாத ஒன்றுக்குப் பதில் கொடுத்திருந்தேன்.

அங்கிருந்து படகில் சில நிமிடப் பயணத்தில் ராஸ் தீவுக்குப் போனோம். 2018 முதல் அதற்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர். 1858 முதல் ஆங்கிலேய நிர்வாகத்தின் தலைமையிடமாய், நடனக் கூடமும் பேக்கரியும் டென்னிஸ் திடலுமாய் வாழ்ந்த தீவு. அங்கே ஒரு பழைய ஆலயத்தின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. ஆலமரத்து இனத்து வேர்கள் அச்சுவர்களைப் பாம்புகள் போலச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதன் சன்னல்களில் ஒரு காலத்தில் வண்ணக் கண்ணாடிகள் இருந்தனவாம். அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அமர்ந்து ஆராதித்த இடம். கடலுக்கு அக்கரையிலோ சங்கிலியிட்ட மனிதர்கள் செக்கிழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆலயத்தில் என்ன பிரசங்கிக்கப்பட்டது என்று நான் அறியேன், நியாயந்தீர்க்கவும் மாட்டேன். என் சபையில் என்ன பிரசங்கிக்கப்பட்டது என்பதையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆசீர்வாதச் செய்தி எங்கிருந்து வந்தது?

பிரியமானவர்களே, நாம் கிராமத்தை விட்டு நகரத்திற்கு வந்தவர்கள். வாடகை, வட்டி, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மேலதிகாரியின் ஏச்சு என்று ஆறு நாட்கள் நொறுங்கியபின் ஏழாம் நாள் ஆலயத்திற்கு வருகிறோம். அப்போது ஓர் ஆறுதலான வார்த்தையை மனம் தேடுவது இயல்பு. ஆறுதல் தவறன்று, தம் ஜனத்தைத் தேற்றும்படி தேவனே ஏசாயா 40ஆம் அதிகாரத்தில் கட்டளையிடுகிறார். நம் தேவன் சுகமளிக்கிறவர் என்று பெந்தெகொஸ்தே சபைகளாகிய நாம் விசுவாசிக்கிறோம்; அதை நான் இன்றும் விசுவாசிக்கிறேன்.

ஆனால் ஆறுதலை மட்டுமே விற்கிற ஒரு பழக்கம் நம்முடைய மேடைகளுக்குள் நுழைந்துவிட்டது. அமெரிக்காவில் 1952இல் நார்மன் வின்சென்ட் பீல் என்ற போதகர் நேர்மறை எண்ணத்தின் வல்லமையைப் பற்றி எழுதிய நூல் இலட்சக்கணக்கில் விற்றது. கென்னத் ஹேகின் போன்றவர்கள் விசுவாச வார்த்தையை அறிக்கையிட்டால் சுகமும் செல்வமும் உரிமையாய் வரும் என்று போதித்தார்கள். ராபர்ட் ஷுல்லர் கலிபோர்னியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிகளால் 1980இல் கட்டிய பளிங்குப் பேராலயத்திலிருந்து தொலைக்காட்சி வழியாய் உலகமெங்கும் தன்னம்பிக்கைச் செய்தி கொடுத்தார். அந்த ஊழிய நிறுவனம் 2010இல் கடனில் மூழ்கித் திவால் மனு கொடுத்தது. அந்தக் கட்டடத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டம் வாங்கிக்கொண்டது. செழிப்பைப் பிரசங்கித்த மேடையே கடனாளியானது.

இவற்றின் ஒலி ஒலிநாடாக்கள் வழியாகவும், பின்பு தொலைக்காட்சி வழியாகவும், இப்போது கைப்பேசி வழியாகவும் நம் வீடுகளுக்குள் வந்தது. ஊழியர்களாகிய நாங்களும் கற்றுக்கொண்டோம். வேதாகமக் கல்லூரியில் பாவம், மீட்பு, நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாகுதல் என்று பாடம் பாடமாய்ப் படித்தவன் நான். ஆனால் நகரத்தில் சபை தொடங்கியபோது, பாவத்தைப் பற்றிப் பேசிய வாரத்தில் கூட்டம் குறைவதையும், ஆசீர்வாதத்தைப் பற்றிப் பேசிய வாரத்தில் கூடுவதையும் கண்டேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. நானே சிறிது சிறிதாய்த் தண்ணீர் கலந்தேன். செவித்தினவுள்ளவர்களைக் குறித்து 2 தீமோத்தேயு 4ஆம் அதிகாரத்தில் பவுல் எச்சரிக்கும்போது, கேட்கிறவர்களை மட்டும் எச்சரிக்கவில்லை. சொல்லுகிறவர்களையும் சேர்த்தே எச்சரிக்கிறார்.

நான் பிரதிஷ்டை செய்த வீடு

இரண்டாம் நாள் மாலை நான் ஜெபிக்கத் தொடங்கவில்லை; அவர் அருகே அமர்ந்து, "தம்பி, நேற்று நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு. உன் உள்ளத்தில் இருப்பதைச் சொல்" என்றேன். அவர் நெடுநேரம் அழுதார். பின்பு சொன்னார்.

தகப்பனார் படுக்கையில் கிடந்தபோது அவருடைய பெருவிரல் ரேகையை வாங்கி, அண்ணனுக்குரிய நிலத்தையும் தம் பேருக்கு எழுதிக்கொண்டாராம். அதை விற்ற பணத்தில்தான் சென்னைப் புறநகரில் வீடு கட்டினார். அந்த வீட்டை எண்ணெய் பூசிப் பிரதிஷ்டை செய்தவன் நான். அன்று சபையார் நடுவில் அவர் நின்று, கர்த்தர் எனக்கு வீட்டைத் தந்தார் என்று சாட்சி சொன்னார். நாங்கள் கைதட்டினோம்.

"அன்றைக்கு நீங்கள் ஒரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் பாஸ்டர். கேட்பீர்கள் என்று பயந்துகொண்டே நின்றேன். நீங்கள் கேட்கவில்லை. கேட்காததால் தேவனும் கேட்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார்.

எரேமியா 6ஆம் அதிகாரத்தில், ஜனத்தின் காயத்தை மேற்பூச்சாய்க் குணமாக்கி, சமாதானமில்லாதபோது சமாதானம் என்று சொன்ன தீர்க்கதரிசிகளைக் கர்த்தர் கடிந்துகொள்ளுகிறாரே, அவர்கள் வேறு யாருமல்ல, நான்தான் என்று அன்று அறிந்தேன். இனிப்பான பிரசங்கம் யாருக்கும் தீங்கு செய்யாது என்று நாம் நினைக்கிறோம். அது ஓர் அண்ணனுடைய நிலத்தைத் திருடியதற்கு ஆமென் சொன்னது; ஒரு தம்பியைப் பதினொரு ஆண்டுகள் பாவத்தோடு பாய் விரிக்க விட்டது.

தமிழர் ஒருவர் விதைத்த விதை

அடுத்த கட்டிலில் ஒரு நிக்கோபாரிய வாலிபர் இருந்தார். அவருடைய தாத்தா துணைக்கு வந்திருந்தார். நிக்கோபார்த் தீவுகள் 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை; வெளியார் நினைத்தபடி அங்கே போகமுடியாது. ஆகவே கார் நிக்கோபாரை நான் காணவில்லை. அந்த முதியவர் இந்தியில் பேச, ஒரு தமிழ்ச் செவிலியர் எனக்கு மொழிபெயர்த்தார்கள். நான் தமிழன் என்று அறிந்தவுடன் அவர் சொன்ன முதல் பெயர் எனக்கு வியப்பளித்தது: "சாலமோன்."

வேதப்பன் சாலமோன் சென்னை மாகாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர். 1895இல் கார் நிக்கோபாரின் மூஸ் என்ற ஊருக்கு வந்து, அரசாங்கப் பிரதிநிதியாகவும் ஆசிரியராகவும் உபதேசியாராகவும் இருந்தார். ஆவிகளுக்குப் பயந்து, சூனியக்காரர் என்று சந்தேகித்தவர்களைக் கொல்லும் வழக்கம் அங்கே இருந்த காலம் அது. அவருடைய நாட்குறிப்பின் பகுதிகள் 1902இல் லண்டனில் மானிடவியல் இதழ் ஒன்றில் வெளியாயின. அவர் பெருங்கூட்டம் கூட்டவில்லை. பள்ளிக்கூடம் வைத்துச் சிறுவர்களுக்கு எழுத்தையும் வசனத்தையும் கற்பித்தார். 1909இல் மரித்தார்.

அவரிடம் படித்த சிறுவர்களுள் ஒருவரே ஜான் ரிச்சர்ட்சன். பர்மாவின் மண்டலேயில் கல்வி பெற்று, 1912இல் ஊருக்குத் திரும்பி ஆசிரியராகவும் உபதேசியாராகவும் ஊழியம் செய்தார். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் ஆக்கிரமித்தபோது, உளவாளிகள் என்ற சந்தேகத்தில் நிக்கோபாரியர் பலர் கொல்லப்பட்டனர்; ரிச்சர்ட்சனுடைய மகனும் அவர்களுள் ஒருவர். அந்தத் தகப்பன் ஊழியத்தை விடவில்லை. 1950இல் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவருடைய உழைப்பினால் அதே ஆண்டில் நிக்கோபாரிய மொழியில் புதிய ஏற்பாடும், 1969இல் முழு வேதாகமமும் வெளிவந்தன. 1952இல் முதலாவது மக்களவையில் இந்தத் தீவுகளின் உறுப்பினராயிருந்தார். 1978இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். இன்று நிக்கோபாரியரில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள்.

இவர்களுக்கும் முன்னே, நம் தரங்கம்பாடியிலிருந்து மொரேவியச் சகோதரர்கள் 1768இல் நான்கவுரிக்குச் சென்றார்கள். காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்து, 1787இல் கண்ணீரோடு திரும்பினார்கள். கூட்டத்தின் எண்ணிக்கையே ஊழியத்தின் அளவு என்றால், அவர்கள் தோற்றவர்கள். தேவனுடைய கணக்கு அப்படிப்பட்டதல்ல.

2004 டிசம்பர் 26ஆம் தேதியைப் பற்றி அந்த முதியவரிடம் கேட்டேன். கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தத் தீவுகளில் மாத்திரம் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். கார் நிக்கோபாரின் கரையோர ஊர்கள் அழிந்தன. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்த கச்சால் தீவிலும் பேரழிவு. அவர் தம்முடைய வீட்டார் ஐந்து பேரை இழந்திருந்தார்.

"அதற்குப் பின்பும் எப்படி விசுவாசத்தில் நிற்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்து, "வீடு கொடுப்பார், தென்னந்தோப்புக் கொடுப்பார் என்று சொல்லி எங்களை இயேசுவிடம் கொண்டுவரவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் அன்றைக்கே விட்டிருப்போம். பாவத்தை மன்னிப்பார், மரித்தாலும் எழுப்புவார் என்று சொல்லித்தந்தார்கள். அலை அதை எடுத்துக்கொண்டு போகவில்லை" என்றார்.

செவிலியர் மொழிபெயர்த்து முடித்தபோது, பக்கத்துக் கட்டிலில் என் சகோதரரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பதில்

அன்று மாலை அவருக்கு நான் இரட்சிப்பைப் போதித்தேன். மேடைப் பிரசங்கமாய் அல்ல; ஞாயிறு பள்ளிச் சிறுவனுக்குச் சொல்வது போலச் சொன்னேன். நாம் பாவிகள், நம் பாவத்திற்காகக் கிறிஸ்து சிலுவையில் மரித்தார், உயிர்த்தெழுந்தார், மனந்திரும்பி அவரை விசுவாசிக்கிறவனுக்கு மன்னிப்பும் நித்திய ஜீவனும் இலவசம். அதன் பின்பு லூக்கா 19ஆம் அதிகாரத்தை வாசித்தோம். சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு எப்பொழுது சொன்னார்? அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திரும்பக் கொடுக்கிறேன் என்று அவன் எழுந்து நின்றபோது அல்லவா? திருப்பிக் கொடுப்பது இரட்சிப்பின் விலையன்று. இரட்சிப்பு உள்ளே வந்துவிட்டதன் அடையாளம்.

அவரே அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினார். "அண்ணே, நான் உன் பங்கைத் திருடினேன்" என்றார். மறுமுனையில் சத்தமில்லை, இணைப்புத் துண்டிக்கப்பட்டது. சகோதரர் என்னைப் பார்த்து, "பரவாயில்லை பாஸ்டர். சொல்லிவிட்டேன்" என்றார். அவர் முகத்தில் அன்று நான் கண்ட சமாதானத்தைப் பதினொரு ஆண்டு ஆராதனைகளிலும் கண்டதில்லை.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள் அண்ணன் தாமே அழைத்தாராம். அடுத்த வாரத்தில் அந்தமானுக்கு வந்து, தம்பியின் கால்மாட்டில் இரண்டு நாட்கள் அமர்ந்திருந்தார். பிப்ரவரி மாதக் கடைசியில் சகோதரர் மரித்தார். வீட்டை விற்று அண்ணனுடைய பங்கைக் கொடுக்க அந்தச் சகோதரி சம்மதித்திருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பை எண்ணி அவர்கள் கலங்குகிறதும் உண்மை. அந்தக் காரியம் இன்னும் முடியவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சபையில் இப்போது புதன்கிழமைதோறும் உபதேச வகுப்பு நடத்துகிறேன். முழுகி ஞானஸ்நானம் பெற்றுப் பல ஆண்டுகளானவர்களும் நோட்டுப் புத்தகத்தோடு வருகிறார்கள். வாக்குத்தத்த அட்டைகளை நிறுத்தவில்லை. ஆனால் அவ்வசனம் யாருக்கு, எந்த நிபந்தனையோடு சொல்லப்பட்டது என்று விளக்கிய பின்பே கொடுக்கிறேன். வீட்டுப் பிரதிஷ்டைக்கு அழைக்கிறவர்களிடம், "இதில் யாருக்காவது கொடுக்கவேண்டியது இருக்கிறதா?" என்று தனியாய்க் கேட்கிறேன். இதனால் நான்கு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. எபேசுவின் மூப்பரிடம், தேவனுடைய ஆலோசனையில் ஒன்றையும் மறைக்கவில்லை என்று சொல்லக்கூடிய துணிவு பவுலுக்கு இருந்தது. அந்தத் துணிவோடு நானும் ஒருநாள் நிற்கவேண்டுமே!

பிரியமானவர்களே, அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது உங்களையே கேட்டுப்பாருங்கள்: இன்று கேட்ட செய்தியில் சிலுவை இருந்ததா? என் பாவம் எனக்குக் காண்பிக்கப்பட்டதா? நாளை நான் வேலையையும் வீட்டையும் சுகத்தையும் இழந்தாலும் இந்தச் செய்தி என்னோடு நிற்குமா? இல்லை என்றால், உங்கள் போதகரைத் தூற்றாதீர்கள். அவரிடம் அன்போடு போய், "பாஸ்டர், எங்களுக்கு இரட்சிப்பைப் போதியுங்கள்" என்று கேளுங்கள். என்னிடம் ஒருவர் கேட்டார்; அவர் கேட்டது மரணப் படுக்கையில். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்கவேண்டாம்.

கர்த்தருடைய கிருபை உங்கள் அனைவரோடும் இருப்பதாக. ஆமென்.